தீராத கணக்கு

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951ஆம் வருஷக் கடைசியில் ஆரம்பித்து 1952ஆம் வருஷத் தொடக்கத்தில் முடிந்தது. அதை நடத்தி வைத்த முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், நம் ஜனங்களின் நாடி தெரிந்த மனிதர். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுத்து வாசனை அறியாதவர்கள். இவர்களுக்கு வோட்டு என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? துண்டுப் பிரசுரம் அச்சிட்டால் படிப்பவர் யார்? ஆகவே வாக்குரிமையையும் வாக்காளரின் கடமையையும் விளக்கும் ஒரு செய்திப் படத்தை, தேசமெங்கும் 3,000க்கு மேற்பட்ட சினிமாக் கொட்டகைகளில் காட்ட ஏற்பாடு செய்தார்கள்.

அந்தச் செய்திப் படம் ஓடியபோது கொட்டகையில் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு. தரை டிக்கெட்டில் பாதிப் பேர் முறுக்கு வாங்க எழுந்து போயிருப்பார்கள். மீதிப் பாதிப் பேர், "மெயின் படத்தைப் போடுங்கய்யா!" என்று குரல் கொடுத்திருப்பார்கள். உபதேசம் என்றாலே நமக்கு அப்படித்தான். கதை கேட்கச் சொன்னால் விடிய விடியக் கேட்போம். கடமையைக் கேட்கச் சொன்னால் கொட்டாவி வந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் நம் ஹாஸ்யக்காரர்கள். தேர்தலைப் பற்றியும் லஞ்சத்தைப் பற்றியும் தமிழ் மேடையும் தமிழ்த் திரையும் சொன்னவற்றில் மனத்தில் தங்கியவை பெரும்பாலும் சிரிப்பாகச் சொன்னவைதாம். சோ 1968இல் மேடையேற்றி 1971இல் படமாக்கிய 'முகமது பின் துக்ளக்'கில், பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் சமாதியிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் தேர்தலில் நின்று பிரதம மந்திரியாகிவிடுகிறான். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் உதவிப் பிரதமர் பதவியை வாரி வழங்குகிறான். மணிவண்ணனின் 'அமைதிப்படை' 1994இல் வந்தது. கோவில் வாசலில் சிதறு தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை, நாகராஜ சோழன் எம்.எல்.ஏ. ஆகி நிற்பதைச் சத்யராஜ் நடித்துக் காட்டியதை எத்தனை வருஷமானாலும் மறக்க முடியாது.

இந்தப் படங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அம்சம் உண்டு. சிரிப்புக்கு இலக்காகிறவர் மேடையில் இருக்கும் தலைவர். நாம் கீழே சௌகரியமாக உட்கார்ந்து, "அயோக்கியப் பயல், எப்படி ஏமாற்றுகிறான் பார்!" என்று கைதட்டிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நம் வீட்டுக் கதவை அந்தச் சிரிப்பு தட்டுவதில்லை.

கதவைத் தட்டிய படம் ஒன்று 2021இல் வந்தது. அதன் பெயர் 'மண்டேலா'. மடோன் அஷ்வின் என்ற இளைஞர் எழுதி இயக்கிய முதல் படம். யோகி பாபு கதாநாயகன். சட்டசபைத் தேர்தலின் வாக்குப்பதிவு அந்த வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி. படம் அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைக்கே போகாமல் நேராக டெலிவிஷனுக்கு வந்துவிட்டது. அன்று மாலை 7 மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. ஒலிபெருக்கிகள் வாயை மூடிய நேரத்தில் இந்தப் படம் வாயைத் திறந்தது என்று சொல்லலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூரங்குடி என்று ஒரு கிராமம். வடக்கூர், தெற்கூர் என்று ஜாதியால் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஊரை ஒன்றாக்க நினைத்த பெரியவர் ஒருவர் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பெண்ணை மணந்துகொண்டார். விளைவு, பக்கத்துக்கு ஒரு பிள்ளை. பிள்ளைக்கு ஒரு கோஷ்டி! பெரியவர் படுத்த படுக்கையானதும் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு இரண்டு பிள்ளைகளும் போட்டியிடுகிறார்கள். ஊருக்கு ஒரு தொழிற்சாலை வரப்போகிறது. தலைவராக இருப்பவருக்கு அதில் கோடிக்கணக்கில் கமிஷன். வீடு வீடாகக் கணக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் வோட்டு சரிசமம்.

அப்போதுதான் ஊரில் இன்னொரு வோட்டு முளைத்திருப்பது தெரிகிறது. அது ஊர் நாவிதனுடையது. அவனுக்கு வீடு கிடையாது, ஆலமரத்தடியில் வாசம். எல்லாரும் அவனிடம் வேலை வாங்குவார்கள். கூலி கொடுக்க மறந்துவிடுவார்கள். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. இளிச்சவாயன் என்று கூப்பிட்டே பழகிவிட்டது. சேமித்த சில்லறையைத் தபால் அலுவலகத்தில் போட வேண்டும் என்று போகும்போதுதான் கணக்கு ஆரம்பிக்க ஒரு பெயர் வேண்டும் என்ற விஷயம் அவனுக்குத் தெரிகிறது. அங்கே வேலை பார்க்கும் தேன்மொழி என்ற பெண் அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று நாமகரணம் செய்கிறாள். பெயர் வந்தது, பெயரோடு அடையாள அட்டை வந்தது, அட்டையோடு வோட்டு வந்தது. நேற்று வரையில் யாரும் திரும்பிப் பாராத மனிதன், இன்று இரண்டு கோஷ்டியும் ராஜோபசாரம் செய்யும் மனிதனாகிவிடுகிறான். பிறகு நடப்பதெல்லாம் கூத்து. அவன் வோட்டு ஏலத்துக்கே வந்துவிடுகிறது. முடிவைச் சொல்லிப் படம் பாராதவர்களின் ரசனையைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

இந்தப் படத்துக்கு அறிமுக இயக்குநரின் சிறந்த படம், சிறந்த வசனம் என்று இரண்டு தேசிய விருதுகள் 2022இல் அறிவிக்கப்பட்டன. 2023இல் தெலுங்கிலும் எடுத்தார்கள்; அங்கே நாவிதரின் வேலை செருப்புத் தைப்பதாகவும் பெயர் மார்ட்டின் லூதர் கிங் ஆகவும் மாறியது. பெயரைத் தேர்ந்தெடுப்பதில் ஆந்திர தேசத்தாரும் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

பெயர் விஷயம் வெறும் வேடிக்கை அல்ல. சுகுமார் சென் காலத்து முதல் தேர்தலிலேயே இந்தச் சங்கடம் வந்தது. வடக்கே பல மாகாணங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று மட்டும் சொன்னார்கள். பெயரில்லாதவர்களை வாக்காளர் பட்டியலில் எழுத முடியாது என்று சென் உறுதியாக நின்றார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்கள் எல்லாரும் சோறு சமைத்தார்கள், வயலில் வேலை செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பெயர் மட்டும் இல்லை. சூரங்குடி நாவிதனுக்கும் அந்தத் தாய்மார்களுக்கும் என்ன வித்தியாசம்?

பெயரைக் கடன் கொடுத்த அசல் மண்டேலாவின் கதையும் இதே ரகம்தான். அவர் 27 வருஷம் சிறையில் இருந்தார் என்பது உலகத்துக்குத் தெரியும். தம் ஆயுளில் முதல் தடவையாக ஒரு தேசியத் தேர்தலில் அவர் வோட்டுப் போட்டது 1994ஆம் வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். டர்பன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார். அப்போது அவருக்கு வயது 75. நமக்குப் பதினெட்டு வயதில் வீட்டு வாசலுக்கு வந்து பெயரை எழுதிக்கொண்டு போகிறார்கள்; நாம் வாக்குப்பதிவு தினத்தை மதியத் தூக்கத்துக்கு உகந்த விடுமுறையாகக் கருதுகிறோம்.

இந்தப் படத்தை நான் பார்த்தது ஒடுகத்தூரில். வேலூருக்குத் தென்மேற்கே, அணைக்கட்டு தாலுகாவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி அது. பக்கத்தில் உத்திரக் காவிரி என்று ஒரு நதி. பெயரில் காவிரி இருக்கிறது. வருஷத்தில் பெரும் பாகம் மணல்தான் ஓடும். மலைமேலிருந்து சாமையும் புளியும் தேனும் இறங்கி வரும். அங்கே ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறை உட்கார்ந்து படம் பார்த்தது. பேரன்கள் யோகி பாபு திரையில் தோன்றும் போதெல்லாம் சிரித்தார்கள். நண்பரின் தாயார் மாத்திரம் சிரிக்கவில்லை. படத்தில் நாவிதனைக் கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் வரச் சொல்லும்போது அந்த அம்மாள், "எங்க காலத்துல நெஜமாவே இப்படித்தான் இருந்துது" என்று ஒரு வார்த்தை சொன்னார். கூடத்தில் சற்று நேரம் சத்தமே இல்லை.

மறுநாள் காலை கடைத்தெருவில் ஒரு சலூனுக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். முகக் கவசம் மூக்குக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "நேற்றுப் படம் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்க்காம இருப்பேனா சார்? காலையில இருந்து கடைக்கு வர்றவங்க எல்லாரும் 'இன்னா மண்டேலா, எப்படி இருக்கே?'ன்னுதான் கேக்கறாங்க. நாலு நாள் சிரிப்பாங்க. அப்புறம் விட்டுடுவாங்க" என்றார்.

"உங்களுக்குப் படம் பிடிச்சுதா?"

கத்தரிக்கோல் ஒரு நிமிஷம் நின்றது. "பிடிச்சுது சார். ஆனா வோட்டுக்குக் காசு வாங்கறது தப்பா, சரியான்னு படம் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? நம்ம தொழிலை வெச்சே சொல்றேன் பாருங்க. நீங்க முடி வெட்டிக்கறீங்க. காசு குடுக்கறீங்க. நான் வாங்கிக்கறேன். அத்தோட கணக்கு தீர்ந்துது. நாளைக்கு உங்க வீட்டுல ஒரு கஷ்டம்னா நான் வந்து நிக்கணும்னு எதாவது இருக்குதா? இல்ல. அதே மாதிரிதான் அவங்களும். வோட்டுக்குக் காசு குடுத்தாச்சு, கணக்கு தீர்ந்துது. அப்புறம் 'ரோடு எங்கே'ன்னு நாம எந்த வாயால கேக்கறது?"

சிறிது நேரம் கழித்து அவரே மறுபடியும் சொன்னார்: "எங்க அப்பா காலத்துல காசு கெடையாது சார். அறுப்புக்குப் போய்க் களத்துல நெல்லு வாங்கிக்கணும். அது தீராத கணக்கு. கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் நாங்க போய் நிக்கணும். அவங்க அளக்கறதுதான் அளவு. அதனாலதான் நான் காசுக் கடை வெச்சேன். சிலதுல கணக்கு தீரணும் சார்; சிலதுல தீரவே கூடாது."

லஞ்சத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் விஷயம் இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. வோட்டுக்குப் பணம் வாங்குவது ஒழுக்கக் கேடு என்று நாம் மேடையில் பேசுகிறோம். அது உண்மைதான், சட்டமும் அப்படியே சொல்கிறது. கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. ஓராண்டு வரையில் சிறைத் தண்டனை என்பது பழைய பீனல் கோடிலும் இருந்தது, 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் ஏழை ஒருவனிடம் போய், "ஐந்நூறு ரூபாய் வாங்காதே, அது பாவம்" என்று சொன்னால், "மேலே இருக்கிறவன் கோடி வாங்குகிறானே, அது புண்ணியமா?" என்று கேட்பான். பதில் சொல்ல நமக்கு நா எழாது. சலூன்காரர் பாவ புண்ணியமே பேசவில்லை. வியாபாரம் பேசினார். பணத்தை வாங்குகிறவன் அபேட்சகரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் தன் கடனாளியைச் சல்லிசாக விடுதலை செய்து அனுப்புகிறான்! ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டே இருக்கும் உரிமையை ஒரே நாளில் விற்றுவிடுகிறான்.

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைகளில் ஆட்டுச் சந்தை கூடும். விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நம் பக்கத்துச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், முதுகைத் தடவிப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள். வோட்டுக்குத் துண்டுக்கடியில் நடக்கும் பேரத்தில் இந்த மரியாதை கூட இல்லை. பல் போன கிழவர் வோட்டுக்கும் பட்டதாரி வோட்டுக்கும் ஒரே ரேட்டு!

வேலூர்ச் சீமைக்கு இந்தப் பேச்சு ஊராருடைய பேச்சு அல்ல, சொந்தப் பேச்சு. 2019 பாராளுமன்றத் தேர்தலில் வேலூர்த் தொகுதிக்கு ஏப்ரல் 18ஆம் தேதி வாக்குப்பதிவு நடக்க வேண்டும். தொகுதியில் பத்துக் கோடிக்கு மேல் ரொக்கம் பிடிபட்டது. தேர்தல் ஆணையம் சிபாரிசு செய்ய, ஏப்ரல் 16ஆம் தேதி ஜனாதிபதி அந்தத் தேர்தலை ரத்துச் செய்தார். பணப் புழக்கத்துக்காக ஒரு பாராளுமன்றத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்திய சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு இந்தப் பெருமை முன்பே கிடைத்துவிட்டது: 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்; 2017இல் ஆர்.கே. நகர். 2009ஆம் வருஷத்து இடைத்தேர்தலுக்குப் பிறகு திருமங்கலத்தின் பெயரில் ஒரு 'பார்முலா'வே நம் அரசியல் அகராதியில் ஏறியிருந்தது. ஊருக்குப் பெயர் வர எத்தனையோ வழிகள் உண்டு!

வேலூரில் தேர்தல் ஆகஸ்டு 5ஆம் தேதி நடந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் வோட்டு பதிவான இடத்தில் 8,141 வோட்டு வித்தியாசத்தில் முடிவு தீர்மானமாயிற்று. ஒடுகத்தூரைச் சேர்ந்த ஒருவர், ஏப்ரலில் தேர்தல் நின்றுபோன செய்தி வந்த தினத்தை நினைவு கூர்ந்து, "ஊரே துக்க வீடு மாதிரி இருந்தது சார். வருத்தம் ஜனநாயகத்துக்காக இல்லை. வர வேண்டியது நின்று போச்சே என்று!" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். 'மண்டேலா' நம்மைச் சிரிக்க வைக்கிற சிரிப்பு அந்த ஜாதியைச் சேர்ந்தது. சிரித்து முடித்ததும் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

அடைப்பது என்ன என்பதற்கு மலைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மலைவாசிகளின் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அதே அணைக்கட்டுப் பகுதியில் அல்லேரி என்று ஒரு மலை. 2023 மே மாதத்தில் அங்கே ஒரு குக்கிராமத்தில் பாம்பு தீண்டி ஒன்றரை வயதுக் குழந்தை இறந்து போயிற்று. சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமாகிவிட்டது. பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் வழியிலேயே நின்றுவிட்டது. மேற்கொண்டு அந்தத் தாய் குழந்தையைச் சுமந்துகொண்டே மலைப் பாதையில் நடந்தாள். பத்திரிகைகளில் எல்லாரும் படித்தோம். இரண்டு நாள் பேசினோம்.

இதே மலைத் தொடர்ச்சியில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நெக்னாமலை என்ற ஊர் இருக்கிறது. சாலை இல்லாதிருந்த காலத்தில் அந்த மலைக்குத் தேர்தல் சமயத்தில் வோட்டு இயந்திரம் கழுதை முதுகிலும் மனிதர் தலையிலுமாக ஏறியிருக்கிறது. அதைத் தூக்கிச் சென்ற ஊழியர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். வாக்காளர் எங்கே இருக்கிறாரோ அங்கே பெட்டி போக வேண்டும் என்று நினைக்கிற தேசம் லேசான தேசம் அல்ல. ஆனால் இயந்திரம் ஏறிய மலையில் ஆம்புலன்ஸ் ஏன் ஏறவில்லை? இயந்திரம் இறங்கி வரும்போது, அதனுள் இருக்கும் வோட்டோடு, 'எங்களுக்குச் சாலை வேண்டும்' என்ற கேள்வியும் இறங்கி வர வேண்டாமா? அது எங்கே தவறிப் போகிறது?

இன்னும் ஒரு வேடிக்கை. பஞ்சாயத்துத் தேர்தலைப் பற்றிய படத்தை வேலூர் ஜில்லாக் கிராமவாசிகள் 2021 ஏப்ரலில் பார்த்துச் சிரித்தபோது, அவர்கள் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவரே கிடையாது! 2016 அக்டோபரில் பழைய தலைவர்களின் பதவிக் காலம் முடிந்தது. மற்ற ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. ஜில்லாக்களைப் பிரித்த காரணத்தால் வேலூர் உள்ளிட்ட ஒன்பது ஜில்லாக்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. ஐந்து வருஷம் தனி அலுவலர்கள் நிர்வாகம். சூரங்குடியில் ஒரு வோட்டுக்கு இரண்டு அபேட்சகர்கள் அடித்துக்கொண்டார்கள். இங்கே வோட்டர்கள் எல்லாரும் இருந்தார்கள், தேர்தல்தான் இல்லை.

"எல்லாம் சரி, ஒரே ஒரு வோட்டு ஊரைத் தலைகீழாக்குவது சினிமாவில்தான் நடக்கும்" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி இல்லை. 2004இல் கர்நாடகத்துச் சந்தேமரஹள்ளித் தொகுதியில் வென்றவருக்கு 40,752 வோட்டு, தோற்றவருக்கு 40,751. 2008இல் ராஜஸ்தானத்து நாத்துவாராத் தொகுதியில், அந்த மாநிலத்தில் தம் கட்சிக்குத் தலைமை தாங்கிய சி.பி. ஜோஷி ஒரே வோட்டில் தோற்றார். 1999 ஏப்ரல் 17ஆம் தேதி வாஜ்பாய் அவர்களின் மந்திரிசபை லோக்சபையில் 269க்கு 270 என்று கவிழ்ந்தது. சினிமாக்காரர்கள் மிகைப்படுத்துவதில் சமர்த்தர்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வாழ்க்கையை மிஞ்சவில்லை.

ஆனால் அந்த ஒரு வோட்டின் மதிப்புக்கு உண்மையான காரணம், அது கடைசி வோட்டு என்பது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சூரங்குடியில் மற்ற நூற்றுக்கணக்கான பேருக்கும் வோட்டு இருந்தது. அவர்களை ஏன் யாரும் பல்லக்கில் தூக்கவில்லை? அவர்கள் வோட்டு எந்தப் பக்கம் விழும் என்பது முன்கூட்டியே தெரியும். வடக்கூர்க்காரன் வடக்கூருக்கு, தெற்கூர்க்காரன் தெற்கூருக்கு. வாக்குப்பதிவுக்கு முன்பே எண்ணி முடித்துவிட்ட வோட்டுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? பணம் ஒரு விதத்தில் கணக்கைத் தீர்க்கிறது என்றால், ஜாதி இன்னொரு விதத்தில் தீர்க்கிறது. பணமாவது கொடுக்க வேண்டியிருக்கிறது, ஜாதி இலவசம்! எந்தக் கோஷ்டியும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாத ஒருவன், இரண்டு தெருவும் ஒதுக்கி வைத்த ஒருவன், ஒதுக்கி வைத்த காரணத்தாலேயே சுதந்திர மனிதனாகிவிட்டான். படத்தின் ஹாஸ்யமெல்லாம் இந்த ஆணிவேரிலிருந்து கிளம்புகிறது.

தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியும் ஜாதியும் கூடும் இடத்தில் எப்போதும் ஹாஸ்யம் விளைவதில்லை. மதுரை ஜில்லா மேலவளவில், தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய பதவிக்குத் தேர்தலில் நின்று தலைவரான முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் மடோன் அஷ்வின் சிரிப்புக் காட்டுகிறார் என்பதை நினைத்தால், அவர் எடுத்துக்கொண்ட காரியம் எவ்வளவு கடினமானது என்று விளங்கும்.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஆரம்பத்தில் மண்டேலா தனக்காகக் கேட்கிறான்: நல்ல சாப்பாடு, நல்ல துணி, புதிய கடை. பட்ட பிறகு புத்தி வந்து, ஊருக்காகக் கேட்கத் தொடங்குகிறான். சாலை வருகிறது, விளக்கு வருகிறது. ரஸிகர்கள் ஆரவாரிக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அப்போதும் அது பேரம்தானே? வோட்டைப் பணயம் வைத்துச் சாலை வாங்குவது நல்ல பேரம், என்றாலும் பேரம். தேர்தல் முடிந்த மறுநாள் மண்டேலாவின் கையில் என்ன இருக்கும்? விளக்கு எரியாவிட்டால் யார் கேட்பது? படம் அந்த மறுநாளைத் தொடவில்லை. நம்முடைய கஷ்டமெல்லாம் அந்த மறுநாளிலிருந்துதானே ஆரம்பமாகிறது?

அந்த மறுநாளைப் பற்றி நம் முன்னோர்களில் சிலர் யோசித்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 வருஷத்துக்கு முன்பு, உத்திரமேரூர்ச் சபையார் குடவோலைத் தேர்தலுக்கு விதிகள் எழுதிக் கோவில் சுவரில் வெட்டி வைத்தார்கள். அது எல்லாருக்கும் வோட்டளித்த ஏற்பாடு அல்ல. நிலமும் படிப்பும் உள்ள சிலருக்கான சபைதான். இருந்தாலும் அதில் ஒரு விதி இன்றைக்கும் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்யும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. சிற்றப்பன், மாமன், மைத்துனன் என்று உறவு முறைகளைப் பட்டியல் போட்டே தடுத்திருக்கிறார்கள். நம் மனிதர்களை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், பாருங்கள்!

உத்திரமேரூரார் கல்லில் வெட்டியதையும் ஒடுகத்தூர் சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் ஒன்றுதான். ஜனங்களுக்கும் ஜனங்களின் பிரதிநிதிக்கும் நடுவே ஒரு கணக்குப் புத்தகம் திறந்தே இருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்திய இரவு கவரில் வரும் நோட்டு அந்தப் புத்தகத்தை மூடுகிறது. 'நம்ம ஆள்' என்ற ஜாதிப் பேச்சும் மூடுகிறது. மூடிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் அரசியல்வாதியைத் திட்டுவது வீண் வேலை. அவர் பாக்கி இல்லை என்று ரசீது வைத்திருக்கிறார்.

அடுத்த தேர்தலிலும் ஜவ்வாது மலைச் சரிவுகளில் வோட்டு இயந்திரம் ஏறும். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அந்தச் சிரமத்துக்கெல்லாம் பதிலாக மலைவாசி ஒருவர் ஒரு பொத்தானை அமுக்குவார். அதோடு தம் வேலை முடிந்தது என்று அவர் நினைக்காமல் இருக்க வேண்டும். முடிந்தது என்று அவரை நினைக்க வைக்க, மலையடிவாரத்தில் இருக்கும் நாமும் துணை போகாமல் இருக்க வேண்டும்.